அணியாகக் கெண்டை மீன் போட்டிக்குப் போகிறீர்களா? கேள்வி பதில்

ஜோடியாகவும் அணியாகவும் கெண்டைப் போட்டிகளில் இறங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன். முதல் கேள்விக்கான பதிலை மட்டும் தயவுசெய்து எல்லோரும் படித்துவிடுங்கள். மற்ற பதில்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

அண்ணா, எங்கள் அணியில் மூன்று ஜோடி. போன போட்டியில் மொத்த எடையில் நாங்கள்தான் எல்லோருக்கும் மேலே. ஆனாலும் மூன்றாவது இடம்தான் கிடைத்தது. நடுவர்கள் கணக்கில் தப்பு செய்திருப்பார்களா?

தப்பு இருக்காது தம்பி. நீங்கள் கலந்துகொண்டது பிரிவுப் புள்ளி முறைப் போட்டி. கரையை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு அணியிலிருந்தும் பிரிவுக்கு ஒரு ஜோடியை உட்கார வைப்பார்கள். அந்தப் பிரிவுக்குள் எடையில் முதலில் வரும் ஜோடிக்கு 1 புள்ளி, அடுத்த ஜோடிக்கு 2, இப்படியே போகும். மூன்று ஜோடிகளின் புள்ளியையும் கூட்டி, எந்த அணிக்குக் குறைவாக வருகிறதோ அந்த அணிக்குத்தான் வெற்றி. உலக சாம்பியன்ஷிப்பிலும் நாட்டுக்கு மூன்று ஜோடி, பிரிவுக்கு ஒன்று, தொடர்ந்து 72 மணி நேரம் என்று இதே ஏற்பாடுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஜோடிகள் 1, 1, 10 என்று வந்தால் 12 புள்ளி. பக்கத்து அணி எந்தப் பிரிவிலும் முதலிடம் பிடிக்காமல் 3, 3, 4 என்று வந்தாலும் 10 புள்ளிதான். அவர்கள் உங்களைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் முதல் ஜோடி பிடித்த கூடுதல் கிலோக்கள் எதற்கும் உதவவில்லை, ஏனென்றால் முதலிடத்துக்கு மேலே இடம் கிடையாது. ஆனால் மீனே பார்க்காமல் உட்கார்ந்திருந்த மூன்றாவது ஜோடிக்கு ஒரே ஒரு நல்ல கெண்டை மாட்டியிருந்தால், அது நாலைந்து இடம் மேலே ஏற்றியிருக்கும். பலரும் ஒன்றிரண்டு மீனோடு நிற்கிற பிரிவில் இது சகஜம்.

அதனால் அணியின் கவனம் முழுக்கத் திணறுகிற ஜோடியின் மேல்தான் இருக்க வேண்டும். கேப்டன் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், ஜெயித்துக்கொண்டிருக்கிற ஜோடிக்குத் தெரிந்தது எல்லாம் அவர்களுக்கு உடனே போய்ச் சேர வேண்டும். ஆனால் பெரும்பாலான அணிகளில் கூட்டம் கூடுவது நன்றாகப் பிடிக்கிறவர் பெக்கில்தான், அதாவது குலுக்கலில் கரையில் அவருக்கு விழுந்த இடத்தில்தான்.

இன்னொன்று. மொத்த எடையை மட்டும் பார்க்கிற போட்டிகளும் உண்டு. அங்கே மீன் கூடியிருக்கிற பெக்கில் இருப்பவர்தான் அணியைச் சுமக்க வேண்டும், உத்தி தலைகீழாக மாறிவிடும். எந்த முறை என்பதைக் குலுக்கலுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குலுக்கலில் மோசமான பெக் வந்துவிட்டால் அவ்வளவுதானா சார்? முழுக்க அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் பிரிவுப் புள்ளி முறையில் நீங்கள் எதிர்த்துப் போட்டியிடுவது உங்கள் பிரிவில் இருப்பவர்களோடு மட்டும்தான். ஏரியின் அந்த மூலை முழுவதும் மந்தமாக இருந்தால் எல்லோருக்கும் மந்தம். அங்கே இரண்டு மீன் பிடித்தவர்கூட முதலிடம் வாங்கலாம். பெக்கைக் குறை சொல்லிக்கொண்டே முதல் ராத்திரியைக் கழிக்கிற ஜோடிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த நேரத்தில் அடித்தரையைப் படித்திருக்கலாம்.

அடித்தரையைப் படிப்பது என்கிறீர்களே, அதை எப்படிச் செய்வது? இரண்டு பேரும் ஒரே இடத்தில் போடுவதை எப்படி உறுதி செய்வது?

இதுதான் முதல் ஒரு மணி நேரத்து வேலை. மிதவை இல்லாமல் வெறும் ஈயத்தைப் பின்னல் நரம்பில் கட்டி வீசுங்கள். நைலான் இழுபடும், அதனால் தகவல் மங்கலாக வரும். பின்னல் நரம்பு கிட்டத்தட்ட நீளவே நீளாது, ஈயம் எதைத் தொட்டாலும் ராடு முனையில் தெரியும். மெதுவாக ராடைப் பக்கவாட்டில் இழுக்கும்போது டக் டக் என்று தட்டினால் சரளை. வழுக்கிக்கொண்டு வந்தால் மணல் அல்லது கெட்டித் தரை. ஒட்டிப் பிடித்து, பிறகு விடுபட்டால் சேறு. மேலும் மேலும் கனத்து அப்படியே நின்றுவிட்டால் பாசி. பாசிக்கு நடுவே தட்டையான சுத்தமான திட்டு ஒன்று கிடைத்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கெண்டைகள் அங்கே வந்து மேய்ந்து மேய்ந்துதான் அந்தத் திட்டே உருவாகியிருக்கும்.

தூரத்துக்கு இரண்டு குச்சிகளைக் கரையில் 12 அடி இடைவெளியில் நட்டு, ரீல் கிளிப்பில் (நரம்பு அதற்கு மேல் ஓடாமல் நிறுத்துகிற பிடிப்பு) மாட்டிய நரம்பை அவற்றைச் சுற்றிச் சுற்றி எண்ணுங்கள். ஒரு குச்சியிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு எண். 20 வந்தால் 240 அடி, அதாவது சுமார் 73 மீட்டர். திசைக்கு எதிர்க்கரையில் ஒரு மரமோ கம்பமோ போதும், இரவிலும் தெரிகிற உருவமாகப் பாருங்கள். உங்கள் ராடு, ஜோடிக்காரர் ராடு, இரை ராக்கெட் (இரையை நிரப்பித் தூரத்துக்கு வீசுகிற குழல்) எறிகிற ராடு எல்லாவற்றிலும் இதே எண்ணில் கிளிப்பைப் போட வேண்டும். ராக்கெட் 20இல் விழுந்து, தூண்டில் 18இல் கிடந்தால் நீங்கள் இரை போடுவது உங்களுக்காக இல்லை. ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் மீண்டும் வீசும்போது இந்த எண்தான் கைகொடுக்கும்.

எவ்வளவு இரை போடலாம்? ஆரம்பத்திலேயே நிறையப் போட்டு மீனைக் கூட்டிவிட வேண்டும் என்கிறார் ஒருவர், போடவே கூடாது என்கிறார் இன்னொருவர்.

இதற்கு மீனின் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தொண்டைப் பற்களால் அரைத்த இரை நேராகக் குடலுக்குப் போய்விடும். சேர்த்து வைத்துக்கொள்ள இடமில்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தின்னும். எவ்வளவு வேகமாகச் செரிக்கும் என்பதைத் தண்ணீரின் சூடு தீர்மானிக்கிறது. 20 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் சுறுசுறுப்பாக மேயும். 10 டிகிரிக்குக் கீழே போனால் ஒரு கைப்பிடி இரையே அதற்கு நீண்ட நேரம் போதும்.

போட்டியில் இன்னொரு சங்கதியும் சேர்கிறது. விசில் அடித்ததும் கரை முழுக்க ராக்கெட்டுகள் தொபீர் தொபீரென்று விழும். அந்தச் சத்தத்தில் மீன்கள் நடு ஏரிக்கோ, யாரும் வீசாத ஓரத்துக்கோ ஒதுங்கிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் கொட்டும் இரையை மற்ற சிறு மீன்கள்தான் சாப்பிடும். அதனால் என் வழக்கம் இது: தொடக்கத்தில் தூண்டிலைச் சுற்றி ஒரு கைப்பிடி, அல்லது தண்ணீரில் கரைகிற பி.வி.ஏ. பையில் கொஞ்சம் பெல்லட் என்கிற சிறு இரைக் குருணை, அவ்வளவுதான். முதல் மீன் மாட்டியதும் கொஞ்சம் கூட்டுவேன். இரண்டாவது சீக்கிரம் வந்தால் ஒவ்வொரு மீனுக்கும் ஒருமுறை இரை என்று தாளம் பிடித்துக்கொள்வேன். போட்ட இரையைத் திரும்ப எடுக்க முடியாது, குறைவாகப் போட்டதை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம்.

ஐயா, நான் புதியவன். எல்லோரும் ஹேர் ரிக் என்கிறார்கள். இரையை நேராக முள்ளில் குத்தினால் என்ன?

குத்தினாலும் மாட்டும், ஆனால் குறைவாக. கெண்டை இரையை உறிஞ்சி, பிடிக்காவிட்டால் உடனே துப்பிவிடும். முள்ளுக்குக் கீழே மெல்லிய நூலில் இரையைத் தொங்கவிட்டால் முள்முனை வெறுமையாக இருக்கும், துப்பும்போது திரும்பி உதட்டில் பிடித்துக்கொள்ளும். 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டனும் கெவின் மேடாக்ஸும் கண்டுபிடித்தது. பாய்லி என்கிற கெட்டியான இரையோடு சேர்த்துப் போட்டால் சிறு மீன் தொல்லையும் குறையும்.

ஜோடிகளுக்குள் என்னென்ன தகவல் பரிமாற வேண்டும்? நாங்கள் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் பயன் தெரியவில்லை.

"ஒண்ணு புடிச்சோம், பெருசு" என்றால் அது செய்தி, தகவல் இல்லை. ஒவ்வொரு மீனுக்கும் இந்த ஐந்தையும் சொல்லச் சொல்லுங்கள்: மணி, தூர எண், ஆழம், தரை எப்படி, எந்த இரை. இவ்வளவையும் கேப்டன் ஒரே நோட்டில் எழுத வேண்டும். மூன்று பிரிவிலும் விடிகாலையில் 2 மீட்டர் ஆழத்தில்தான் மாட்டுகிறது என்று நோட்டில் தெரிந்தால், 4 மீட்டரில் காத்திருக்கிற ஜோடிக்கு என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மாட்டாததையும் எழுதுங்கள். ஆறு மணி நேரம் கிடந்து ஒரு இழுப்பும் வராத இடம் பெரிய தகவல். போன் அனுமதி உண்டா, கேப்டன் பெக்குக்குள் வரலாமா என்பதெல்லாம் போட்டிக்குப் போட்டி மாறும், விதிகளைப் படித்துவிடுங்கள்.

என் ஜோடிக்காரர் என்னைவிட மூத்தவர், எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மீன் வராவிட்டால் இரையைக் கொட்டிக்கொண்டே இருப்பார். எதிர்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

கரையில் வைத்துச் சொல்லாதீர்கள், இரண்டு பேருக்கும் மனசு கசக்கும். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே, "அண்ணே, முதல் மீன் வரும்வரை இவ்வளவுதான் இரை, அதற்கு மேல் வேண்டுமென்றால் கேப்டனைக் கேட்டுக்கொள்வோம்" என்று பேசி வையுங்கள். நாளுக்கான இரையைத் தனித்தனி வாளியில் அளந்து வைத்தால் பேச்சே வேண்டாம். இன்னொரு வழியும் இருக்கிறது: இருவரின் ராடுகளையும் வேறு வேறு இடத்தில் போடுங்கள். அவர் இடத்தில் அவர் முறை, உங்கள் இடத்தில் உங்கள் முறை. எங்கே மாட்டுகிறதோ அந்தப் பக்கம் போவது என்று முதலிலேயே ஒத்துக்கொண்டால் முடிவை மீனே சொல்லிவிடும், அவர் மரியாதைக்கும் குறை வராது.

72 மணி நேரம் தூங்காமல் இருக்க முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். மூன்று அல்லது நான்கு மணி நேர முறை வைத்து ஒருவர் படுக்க, ஒருவர் விழித்திருங்கள். இருட்டில் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் மீன் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று தெரியும். விடிகாலையில் இருவரும் எழுந்துவிடுங்கள்.

மீன் துள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் ஒரு இழுப்புகூட இல்லை. என்ன செய்வது?

மீன் தரையில் இல்லை, நடுத்தண்ணீரில் நிற்கிறது. ஒரு ராடை மட்டும் ஜிக் (zig) முறைக்கு மாற்றுங்கள்: நீளமான முள்நரம்பின் நுனியில் மிதக்கிற சிறிய கறுப்பு ஸ்பாஞ்ச். 3 மீட்டர் ஆழமென்றால் ஒன்றரை மீட்டரில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். நீண்ட முள்நரம்பை எல்லாப் போட்டியிலும் விடமாட்டார்கள், நடுவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரைக்குப் பக்கத்தில் வந்தபிறகுதான் மீனை நழுவவிடுகிறோம். கைவலை பிடிப்பதில் ஏதாவது நுணுக்கம் உண்டா?

உண்டு, ஜோடியாக விளையாடுவதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். வலை பிடிப்பவர் மீனைத் துரத்தவே கூடாது. வலையைத் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கவிட்டு, விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவு இறக்கி, அசையாமல் முழங்காலிட்டு இருங்கள். ராடு வைத்திருப்பவர்தான் மீனை வலைக்கு மேலே கொண்டுவர வேண்டும். வலையைக் கண்டதும் கெண்டை கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும், அப்போது ரீல் பிரேக் இறுக்கமாக இருந்தால் முள் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே மீன் பத்து மீட்டருக்குள் வந்ததும் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தலை தண்ணீருக்கு மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்ததும் அதன் வேகம் அடங்கும். தலை உள் விளிம்பைத் தாண்டியபிறகு வலையை உயர்த்தச் சொல்லுங்கள். "இப்போ" என்று சொல்வது வலை பிடிப்பவராக மட்டும் இருக்கட்டும். இரண்டு பேரும் கத்தினால் குழப்பம்தான்.

எடை போடுவதற்கு முன் மீனை எப்படிப் பார்த்துக்கொள்வது? நடுவர் வரத் தாமதமாகிறது.

இதைக் கேட்டதற்கு நன்றி. மீனைக் கிடத்துகிற மெத்தை, எடைப் பை, உங்கள் கை எல்லாவற்றையும் மீன் வருவதற்கு முன்பே நனைத்துவிடுங்கள். வறண்ட எதுவும் பட்டால் அதன் மேலிருக்கிற வழுவழுப்பு உரிந்துபோகும், அதுதான் அதற்குக் காப்பு. நடுவர் வரும்வரை மீனைத் தண்ணீருக்குள்ளேயே, மிதக்கிற பையில், செவுள் நன்றாக மூழ்கும் ஆழத்தில் நிமிர்ந்த நிலையில் வையுங்கள். பாசி அடர்ந்த ஓரத்தில் விடிகாலையில் வைக்க வேண்டாம். இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டிருக்கும், விடியும் நேரத்தில் அங்கே மிகக் குறைவாக இருக்கும்.

எடை போடும்போது நனைந்த பையை வெறுமையாகத் தராசில் தொங்கவிட்டு, பூஜ்யம் காட்டச் சொல்லி, அப்புறம் மீனை வையுங்கள். எழுதிய எண்ணை இரண்டு பேரும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போட்டோவுக்கு மெத்தைக்கு மேலே முழங்காலிட்டுப் பிடிக்கலாம். நின்றுகொண்டு மீனைத் தூக்கிக் காட்டுவதை நான் எங்கள் அணியில் அனுமதிப்பதே இல்லை.

கடைசி விசில் அடிக்கும்போது மீன் நரம்பில் இருந்தால் கணக்கில் வருமா?

விதியைப் பொறுத்தது. சில போட்டிகளில் விசிலுக்கு முன் மாட்டிய மீனைக் கரைசேர்க்கக் குறிப்பிட்ட நிமிடங்கள் தருவார்கள், சிலவற்றில் விசிலோடு முடிந்தது. எப்படியானாலும் கடைசி ஒரு மணி நேரத்தில் உங்கள் மற்ற ராடுகளின் நரம்பு மீனின் வழியில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வலையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மீன் மாட்டியதுமே சத்தமாக நடுவரைக் கூப்பிட்டு மணியைக் குறிக்கச் சொல்லிவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது.