டிரிப் ஏறினால் சாப்பிட்டதாக ஆகுமா?

கேள்வி: 60 கிலோ எடையுள்ள அப்பா எட்டு நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில், வென்டிலேட்டரில் இருக்கிறார். டிரிப் ஓடுகிறது, மூக்குக் குழாய் வழியாக உணவும் போகிறது. ஆனாலும் தொடை சூம்பிவிட்டது. எடை மட்டும் கூடியிருக்கிறதாம். எப்படி?

பதில்: கூடியது சதை அல்ல, உடம்பில் தேங்கிய நீர். தொடையைத்தான் நம்ப வேண்டும். கடும் நோயில் உடல் தன் தசையையே கரைத்துச் செலவழிக்கும். முதல் 10 நாளில் தொடைத் தசையில் ஆறில் ஒரு பங்குகூடப் போய்விடலாம்.

டிரிப்பை உணவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். சலைனில் கலோரியே கிடையாது. 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரைதான். 200 கலோரிக்கு மேல் தேறாது, புரதம் துளியும் இல்லை. அப்பாவுக்கு இந்தக் கட்டத்தில் நாளுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,500 கலோரியும் 78 கிராம் புரதமும் வேண்டும்.

குழாய் உணவில்தான் கவனம் தேவை. எழுதிக் கொடுத்த அளவு வேறு, உள்ளே போன அளவு வேறு. மணிக்கு 60 மி.லி. என்றால் நாளுக்கு 1,440 மி.லி. ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது நிறுத்துவார்கள். குழாய் நகர்ந்தால் எக்ஸ்ரே பார்க்கும்வரை காத்திருப்பார்கள். பொடித்த மாத்திரை அடைத்துக்கொள்ளும். இப்படி எட்டு மணி நேரம் நின்றால் 480 மி.லி., அதாவது மூன்றில் ஒரு பங்கு, போயிற்று. மறுபடி அதே 60-இல் தொடங்கினால் அந்த இழப்பு ஈடாகாது. வயிறு தாங்கினால், மீதமுள்ள 16 மணி நேரத்துக்கு வேகத்தை 90 ஆக்கி அன்றைய மொத்தத்தை முடிக்கலாம். மருந்துக்கு முன்னும் பின்னும் 30 மி.லி. நீர் செலுத்தினால் அடைப்பு குறையும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்.

“சாப்பாடு கொடுக்கிறீர்களா?” என்று கேட்காதீர்கள். “நேற்று எத்தனை மி.லி. உள்ளே போனது?” என்று கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் முதல் நாளே முழு அளவு கொடுத்துவிடலாமே?

பதில்: கூடாது. முதல் சில நாட்கள் உடல் தானாகவே குளுக்கோஸைத் தயாரித்துக்கொண்டிருக்கும். உணவு கொடுத்தாலும் அது நிற்காது. மேலே கொட்டினால் ரத்தச் சர்க்கரை எகிறும். அதனால் 48 மணி நேரத்துக்குள் சிறிதாகத் தொடங்கி, படிப்படியாக ஏற்றுவார்கள்.

பத்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல் வந்தவரிடம் இன்னும் நிதானம் வேண்டும். திடீரென உணவு சேர்ந்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து, இதயமும் மூச்சுத் தசையும் தளரும். முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கலோரி; பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் தினமும் பார்க்க வேண்டும். பாஸ்பேட் லிட்டருக்கு 0.65 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால், அதை ஈடுகட்டி, இரண்டு நாள் கலோரியைக் குறைத்த பிறகே மெல்ல ஏற்றுவார்கள்.