முதுகெலும்பு மூட்டில் ஊசி: எந்த மாத்திரையை நிறுத்துவது?

கேள்வி: எனக்கு 58 வயது. நாட்பட்ட கீழ்முதுகு வலிக்காக அடுத்த வாரம் ஃபேசெட் மூட்டில் (முதுகெலும்புகளை இணைக்கும் சிறு மூட்டு) ஊசி போடப்போகிறார்கள். சர்க்கரை நோய் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறேன். இவற்றை நிறுத்தவேண்டுமா? வெறும் வயிற்றோடு போகவேண்டுமா?

பதில்: அந்த இரண்டு மாத்திரைகளையும் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும். முதுகு வலிக்காக அந்த ஆபத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது. ஃபேசெட் மூட்டில் போடும் ஊசியில் ரத்தக்கசிவு அபாயம் குறைவு. அதனால் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே போடுவார்கள். தண்டுவடத்தைச் சூழ்ந்த பகுதியில் போடும் எபிடியூரல் ஊசிக்கு எச்சரிக்கை கூடுதல். உங்களுக்குப் போடப்போவது எது என்று உறுதிசெய்துகொண்டு, இதய மருத்துவரையும் ஊசி போடுபவரையும் கலந்து பேசச் சொல்லுங்கள்.

ஊசியில் ஸ்டீராய்டு (அழற்சியைக் குறைக்கும் மருந்து) இருந்தால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். வீட்டில் வழக்கத்தைவிட அடிக்கடி பரிசோதித்துப் பாருங்கள். எவ்வளவு ஏறினால் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை முன்பே கேட்டு வையுங்கள்.

மரத்துப்போகும் மருந்து மட்டும் என்றால் பொதுவாகப் பட்டினி தேவையில்லை. மயக்கம் தருவதாக இருந்தால் வழக்கமாக 6 மணி நேரம் உணவும், கடைசி 2 மணி நேரம் தண்ணீரும் கூடாது. அப்படியானால் அன்று காலை சர்க்கரை மாத்திரை, இன்சுலினை என்ன செய்வது என்று கட்டாயம் கேளுங்கள். சாப்பிடாமல் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இந்த ஊசி சிகிச்சை மட்டுமல்ல, ஒரு சோதனையும்கூட. வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்பதை, மரத்துப்போன முதல் சில மணி நேரம் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் அன்று காலை வலி மாத்திரை வேண்டாம் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். ஊசிக்கு முன் குனிந்து, நிமிர்ந்து, திரும்பிப் பார்த்து, வலிக்கு 10க்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அசைவுகளைச் செய்து மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். அடுத்து என்ன சிகிச்சை என்று முடிவெடுக்க அந்தக் குறிப்பு மருத்துவருக்கு மிகவும் உதவும். நினைவிலிருந்து சொல்வது அவ்வளவு துல்லியமாக இராது.

அன்று மாலையோ மறுநாளோ பழைய வலி திரும்பலாம். பயப்படவேண்டாம், மரப்பு விலகுகிறது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு வேலைசெய்ய இரண்டு மூன்று நாட்கள் முதல் இரண்டு வாரங்கள்வரை ஆகும். சிலருக்குப் பலன் கிடைக்காமலும் போகும்.

காய்ச்சல், தோலில் கொப்புளம், ஏதாவது நோய்த்தொற்று இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள். மரத்துப்போகும் மருந்தோ, எக்ஸ்ரேக்குச் செலுத்தும் சாயமோ முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அன்று வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சில மணி நேரம் கால் தளர்ந்து இருக்கலாம், படியேறும்போது கவனம்.

வீடு திரும்பிய பின் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, கடும் தலைவலி, விலகாத கால் பலவீனம், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாத நிலை, இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.