ஆக்ரா போகும்போது மீட்கப்பட்ட கரடிகளைப் பார்க்கலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு டெல்லி, மதுரா, ஆக்ரா போகிறோம். ஆக்ரா பக்கத்தில் கரடிகளுக்கு ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறதாமே? என் எட்டு வயது மகளுக்கு விலங்குகள் என்றால் உயிர். கரடிக்கு அவள் கையால் பழம் கொடுக்க முடியுமா? இதெல்லாம் காசு பார்க்கிற வேலை, போகவேண்டாம் என்கிறார் மாமியார். எப்படிப் போவது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது?"

தாராளமாகப் போகலாம். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் மகள் கையால் பழம் கொடுக்க முடியாது, கரடியைத் தொட முடியாது, பக்கத்தில் நின்று செல்ஃபியும் எடுக்க முடியாது. இதை ஊரிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் ஏமாந்துபோவாள். மாமியாரின் சந்தேகத்துக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. காசு பார்க்கிற இடமாக இருந்தால் முதலில் விற்பது தொடுவதையும் ஊட்டுவதையும்தான்.

நீங்கள் கேள்விப்பட்டது ஆக்ரா கரடிகள் மீட்பு மையம். ஆக்ராவிலிருந்து மதுரா போகும் நெடுஞ்சாலையில், கீதம் ஏரியைச் சுற்றியுள்ள சூர் சரோவர் பறவைகள் சரணாலயத்துக்குள் இருக்கிறது. உத்தரப் பிரதேச வனத்துறையோடு சேர்ந்து வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிறது. கார்த்திக் சத்யநாராயண், கீதா சேஷமணி என்ற இருவர் 1995-ல் தொடங்கிய அமைப்பு இது. முதல் கரடிகள் இங்கே வந்தது 2002 டிசம்பரில். தேன்கரடிகளுக்கான மீட்பு மையங்களில் உலகிலேயே பெரியது இதுதான்.

எங்கிருந்து வந்தன இந்தக் கரடிகள்? உங்கள் மாமியாரைக் கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்கலாம். தெருவில் கரடியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருவார்கள். குழந்தை பயந்துகொண்டால் கரடி முடியை வாங்கித் தாயத்தில் அடைத்துக் கட்டுவார்கள். வடக்கில் கலந்தர் என்ற நாடோடிச் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்துவந்தார்கள். ஒரு காலத்தில் முகலாய அரசவைகளில் வித்தை காட்டியவர்கள். பின்னாளில் ஆக்ரா நெடுஞ்சாலையில் சுற்றுலாப் பேருந்துகளை நிறுத்திக் கரடியை ஆடவைத்தார்கள்.

அந்த ஆட்டத்துக்குப் பின்னால் நடந்தது இதுதான். காட்டில் தாய்க் கரடியைக் கொன்று குட்டியைப் பிடிப்பார்கள். மயக்க மருந்து எதுவும் இல்லாமல், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதன் மூக்குத் தண்டைத் துளைத்து அதில் கயிற்றைக் கோப்பார்கள். கோரைப்பற்களை உடைத்துவிடுவார்கள். கயிற்றைச் சுண்டினால் அந்தப் புண்ணில் வலி பாயும். வலி தாங்காமல் குட்டி பின்னங்காலில் எழுந்து நிற்கும். அதைத்தான் நாம் நடனம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று 1998-ல் மத்திய அரசும் அறிவித்தது. அப்படியும் கரடிகள் தெருவில்தான் இருந்தன. பறிமுதல் செய்தால் கொண்டுபோய் வைக்க இடமில்லை, கரடியைக் கொடுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்குச் சோறில்லை. மையம் கட்டியதும், கரடியை ஒப்படைத்த கலந்தர்களுக்கு ஆட்டோ, சின்னக் கடை என்று வேறு பிழைப்புக்குக் கைமுதல் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும்தான் நிலைமையை மாற்றின. சிலருக்கு மையத்திலேயே வேலை கிடைத்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகள் இப்படி மீட்கப்பட்டன. கடைசியாக ராஜு என்ற கரடியை 2009 டிசம்பரில் ஒப்படைத்தார்கள். அது பெங்களூரு பன்னேர்கட்டாவில் உள்ள மையத்துக்குப் போனது. எல்லை தாண்டிய கதையும் உண்டு. நேபாளத்தில் 2017 இறுதியில் மீட்கப்பட்ட ரங்கீலா, அடுத்த வருடம் ஆக்ராவுக்கு வந்து சேர்ந்தது. இதை மகளிடம் சொல்லும்போது கலந்தர்களை வில்லனாக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கரடியும் பட்டினி, ஆட்டுவித்தவரும் பட்டினி என்ற நிலைமைதான் பல இடங்களில் இருந்தது.

இப்போது அங்கே என்ன பார்ப்பீர்கள் என்பதற்கு வருகிறேன். மரங்களும் புதரும் உள்ள பெரிய வேலியடைப்புகள். உள்ளே குளிக்கத் தொட்டி, மரமேடை, தொங்கும் படுக்கை. உணவு கஞ்சி, பழம், அவ்வப்போது தேன். துளை போட்ட மரக்கட்டைக்குள் தேனைத் தடவிவைத்து, அதைத் தேடி எடுக்கும் வேலையைக் கரடிக்குக் கொடுப்பார்கள். இந்தக் காட்சி கிடைத்தால் நகராமல் நின்று பாருங்கள், முக்கியமாகக் கேளுங்கள். தேன்கரடிக்கு மேல்வரிசையில் நடுவில் இரண்டு பற்கள் கிடையாது. நாசித் துவாரங்களை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து, அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சித் தின்னும் பிராணி அது. உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டர் தள்ளி நின்றாலும் கேட்கும். எட்டு வயதுப் பெண்ணுக்குப் பழம் கொடுப்பதைவிட இது பிடிக்கும் என்பது என் நம்பிக்கை.

கஷ்டமான காட்சிகளும் இருக்கும். சில கரடிகளின் மூக்கின் மேல், கயிறு ஓடிய இடத்தில், முடி முளைக்காத தடித்த வடு தெரியும். சிலதுக்குப் பார்வை இல்லை. 2002 முதல் 2009 வரை வந்தவற்றில் மிச்சமிருப்பவை இன்று கிழடுகள்; மூட்டுவலி, கண்புரை எல்லாம் உண்டு. ஒரு கரடி நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தால் "பாரு, டான்ஸ் ஆடுது" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். வருடக்கணக்கில் கட்டிப்போட்டதில் மனத்தில் பதிந்துபோன பழக்கம் அது. கயிறு போன பிறகும் சில கரடிகளை விட்டுப் போவதில்லை.

"அப்புறம் ஏன் இன்னும் அடைத்து வைத்திருக்கிறார்கள், காட்டில் விடலாமே?" என்று மகள் கட்டாயம் கேட்பாள். கோரைப்பல் இல்லாத கரடியால் இன்னொரு கரடியிடமிருந்தோ புலியிடமிருந்தோ தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. தாய் இல்லாமல் வளர்ந்ததால் இரை தேடவும் தெரியாது. மனிதரைக் கண்டால் விலகவேண்டும் என்ற பயமும் போய்விட்டது. பசித்தால் ஊருக்குள்தான் வரும். அதனால் சாகும்வரை இங்கேதான்.

தொடக்கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. தெருவில் மனிதர்களோடு வாழ்ந்த கரடிகளில் பலவற்றுக்குக் காசநோய் தொற்றியிருந்தது. அது இரண்டு பக்கமும் பரவக்கூடியது. உங்கள் வீட்டில் யாருக்காவது அன்று சளி, இருமல் இருந்தால் அவர் அறையிலேயே இருப்பது நல்லது. அப்புறம், கரடிக்குக் கண் மங்கல், மூக்கு மிகக் கூர்மை. அன்றைக்கு மட்டும் சென்ட் வேண்டாம். பையில் தின்பண்டமும் வேண்டாம்.

இந்தியாவுக்கு வெளியே போகும்போதும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நம்மவர்கள் நிறையப் பேர் வியட்நாம் போகிறார்கள். அங்கே கரடியைக் கூண்டில் அடைத்து, நாட்டு மருந்துக்காக அதன் பித்தநீரை எடுக்கும் பண்ணைகள் இருந்தன, இன்னும் முழுதாக ஒழியவில்லை. அவற்றிலிருந்து மீட்ட கரடிகளுக்காக நின் பின் என்ற மாகாணத்தில் ஃபோர் பாஸ் என்ற விலங்கு நல அமைப்பும், தாம் தாவோ என்ற இடத்தில் அனிமல்ஸ் ஏசியா என்ற அமைப்பும் சரணாலயம் நடத்துகின்றன. இவை நம்பிப் போகக்கூடிய இடங்கள். பெயரில் சரணாலயம் என்று போட்டுக்கொண்ட வேறு எங்காவது போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குட்டிகள் இருக்கின்றனவா, எங்கிருந்து வந்தன? மீட்பு மையத்தில் இனப்பெருக்கம் செய்யவிடமாட்டார்கள். குட்டி வந்தால் வேட்டைக்காரரிடமிருந்து பிடிபட்ட விவரமோ, தாயைப் பிரிந்து கிடந்த விவரமோ தெளிவாக இருக்கும். வருடம் முழுக்கக் குட்டிகளும், அவற்றோடு படம் எடுக்க வரிசையும் இருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

சரி, போகும் வழி. நினைத்த நேரத்தில் வாசலில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் இணையதளம் வழியாக முன்கூட்டியே நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி விடுமுறைக் கூட்டம் என்பதால் இப்போதே எழுதிவிடுவது உத்தமம். கட்டணம், சரணாலயத்துக்கு வனத்துறை வாங்கும் நுழைவுச் சீட்டு, கேமரா அனுமதி, மாமியாருக்கு நடை எவ்வளவு இருக்கும் என்பதையெல்லாம் அதே கடிதத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். உள்ளே இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

டெல்லியிலிருந்து வரும் டிரைவர்கள் பெரும்பாலும் யமுனா எக்ஸ்பிரஸ்வேயைத்தான் பிடிப்பார்கள். அது ஆற்றுக்கு மறுகரையில் போகிறது, கீதம் ஏரி பக்கம் வராது. நீங்கள் மதுராவும் போவதால் பிரச்சினை இல்லை. மதுராவிலிருந்து ஆக்ராவுக்குப் பழைய டெல்லி நெடுஞ்சாலையில் வரச் சொல்லுங்கள். மையம் வழியிலேயே வந்துவிடும். வாடகை பேசும்போதே இதைச் சொல்லிவிட்டால் அப்புறம் கிலோமீட்டர் கணக்கில் தகராறு வராது.

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்கள் திட்டத்தில் வெள்ளி ஆக்ராவில் விழுந்தால் அந்த நாளைக் கரடிகளுக்குக் கேட்டுப் பாருங்கள். டிசம்பரில் அந்தப் பக்கம் விடியற்காலையில் பனிமூட்டம் கண்ணை மறைக்கும். ஆறு மணிக்குக் கிளம்பி நெடுஞ்சாலையில் ஓட்டச் சொல்லாதீர்கள். வெயில் வந்தபிறகு, பத்து பதினொன்றுக்குப் போய்ச் சேருவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் கரடிகளும் வெயிலைத் தேடி வெளியே வரும். மே, ஜூனில் போகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறு. 45 டிகிரி வெயிலில் மதியம் போனால் நிழலில் தூங்கும் கறுப்புக் குவியலைத்தான் பார்ப்பீர்கள்.

இன்னொரு அரை நாள் கையில் இருந்தால், அதே சாலையில் மதுராவுக்கும் ஆக்ராவுக்கும் நடுவே ஃபரா அருகில் இதே அமைப்பின் யானைகள் பராமரிப்பு மையமும், 2018-ல் தொடங்கிய யானை மருத்துவமனையும் இருக்கின்றன. சவாரிக்கும் பிச்சைக்கும் சர்க்கஸுக்கும் ஓடிக் களைத்த யானைகள் அங்கே இருக்கின்றன. அதற்குத் தனியாகப் பதிவு செய்யவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் மதுராவிலிருந்து வரும்போது காலையில் யானை, மதியச் சாப்பாடு முடிந்ததும் கரடி என்று நேரம் கேளுங்கள். இருட்டுவதற்குள் ஆக்ரா போய்விடலாம்.