பாதி உறைந்த ஏரியில் என்ன பார்ப்பது?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சூளூர்பேட்டைக்காரன். இப்போது மினியாபோலிஸில் வேலை. பழவேற்காடு ஏரியைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பேன். ஊரில் இருந்தவரை ஒரு பறவையையும் நின்று பார்த்ததில்லை. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் போன விடுமுறையில் நேலபட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். திரும்பி வந்ததும் ஒரு பைனாகுலர் வாங்கினேன். வாங்கியதோடு சரி.

இங்கே வீட்டைச் சுற்றி ஏரிகள்தான். ஆனால் டிசம்பர் பிறந்தால் பாதி ஏரி ஐஸ், பாதி தண்ணீர். நடுவில் கொஞ்சம் வாத்துகள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கிளம்பி உங்கள் பக்கம் வந்துவிடுகிறது போலும். மூன்று கேள்விகள். இந்த ஏரிகளில் குளிர்காலத்தில் பார்க்க உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை பைனாகுலரை மே மாதம் வரை உள்ளே வைத்துவிடலாமா? ஐஸ் மேல் மணிக்கணக்காக நிற்கும் வாத்துக்குக் கால் ஏன் உறைந்துபோவதில்லை? பொங்கலுக்கு மனைவி, பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். பூநாரைத் திருவிழாவுக்குப் போகலாமா?

அன்புடன்,
ஒரு சூளூர்பேட்டைக்காரன்

*

அன்புள்ள தம்பிக்கு,

பைனாகுலரை உள்ளே வைக்காதீர்கள். வருடத்தில் உங்களுக்கு மிகச் சுலபமாகப் பறவை பார்க்கக் கிடைக்கும் மாதங்களைத்தான் ஒன்றுமில்லாத மாதங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதற்கு முன் ஒன்றைச் சரி செய்துவிடுகிறேன். உங்கள் ஊர் வாத்து எங்கள் பக்கம் வருவதில்லை. உங்கள் மாநிலமான மினசோட்டாவில் குளிர் இறங்கியதும் கிளம்புகிறவை பெரும்பாலும் மிசிசிப்பி ஆற்றை ஒட்டியே தெற்கே போய் மெக்சிகோ வளைகுடாவின் கரையோரம் தங்கும். சில அதையும் தாண்டிப் போகும். பழவேற்காட்டுக்கு வருபவை சைபீரியா, கஜகஸ்தான், மங்கோலியா பக்கத்து ஏரிகளிலிருந்து வேறொரு பாதையில் வருகிறவை. குழப்பம் ஏன் வருகிறது என்றால், ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் இரண்டு இடத்திலும் உண்டு, ஒரே இனம்தான். மீன் தின்னும் பருந்தான விராலடிப்பானும் அப்படியே. உங்கள் ஊரில் கோடை முழுக்க மீன் பிடித்துவிட்டு ஏரி மூடுவதற்கு முன்பே தெற்கு நோக்கிப் போய்விடும். பழவேற்காட்டை ஒட்டிய தடா பக்கம் குளிர்காலத்தில் கம்பத்தின் மேல் உட்கார்ந்து மடவை தின்கிற விராலடிப்பான் அதுவல்ல, வேறு திசையிலிருந்து வந்தது.

நம் ஊர்ப் பேப்பர்காரர்கள் பண்ணும் வேலையும் இதில் உண்டு. ஜனவரி வந்தால் ஏரியில் நிற்கிற எல்லாவற்றையும் 'சைபீரியப் பறவைகள்' என்று எழுதிவிடுவார்கள். பூநாரை நம் நாட்டில் குஞ்சு பொரிக்கிற இடம் குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள ரண் என்கிற உப்புச் சதுப்பு. கூழைக்கடாவோ நேலபட்டில் தண்ணீருக்குள் நிற்கிற மரங்களிலேயே பிறந்து வளர்கிறது. அது சைபீரியாவைப் பார்த்ததே கிடையாது.

சரி, உங்கள் ஏரிக்கு வருகிறேன். மகள் உங்கள் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினின் மாடிசனில் இருந்தபோது ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்திருக்கிறேன். அங்குள்ள மென்டோட்டா ஏரி எந்த நாளில் மூடுகிறது, எந்த நாளில் திறக்கிறது என்று 1850களிலிருந்து எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தோடு பார்த்தால் ஐஸ் மூடியிருக்கும் காலம் சராசரியாக ஒரு மாதம் போலக் குறைந்திருக்கிறது. நீங்கள் அலுத்துக்கொள்ளும் இந்தப் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிலை இனி உங்கள் பக்கத்தில் இன்னும் நீளப்போகிறது. பழகிக்கொள்வது நல்லது.

அங்கே நீங்கள் தேட வேண்டியது திறந்த தண்ணீரை. அது கிடைத்துவிட்டால் பறவை தானாகக் கிடைக்கும். தண்ணீர் நான்கு டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் ஏரி குளிரக் குளிர நான்கு டிகிரித் தண்ணீர் அடியில் போய்த் தங்கும். அதைவிடக் குளிர்ந்தது மேலே நின்று உறையும். ஆழமில்லாத ஓரமும் சின்ன ஏரியும் முதலில் மூடும். ஆழமான ஏரிக்குத் தன் சூட்டையெல்லாம் விட நாள் பிடிக்கும். உங்கள் ஊரில் லேக் ஆஃப் தி ஐல்ஸ் மூடிய பிறகும், எண்பது அடிக்கு மேல் ஆழமுள்ள ஹாரியட் ஏரியில் தண்ணீர் தெரிய வாய்ப்பு அதிகம். ஒரே நாளில் இரண்டையும் சுற்றிப் பாருங்கள், புரிந்துவிடும்.

அதற்குப் பிறகும் மூடாமல் ஒரு துண்டு கிடந்தால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும். ஓடை வந்து விழும் வாய், பாலத்துக்கு அடியில் இழுக்கும் தண்ணீர், அடி ஊற்று, அணைக்குக் கீழே, மின்நிலையம் வெந்நீர் விடும் இடம். சில சமயம் பறவைகளே காரணம். இரவு பகலாக நூறு வாத்து நீந்திக் கலக்கிக்கொண்டே இருந்தால் அந்த இடம் மூட நேரமாகும். கோடையில் தெருவில் ஒரே ஒரு குழாயில் தண்ணீர் வந்தால் எத்தனை குடம் வரிசையில் நிற்குமோ அத்தனை கூட்டம் அந்தத் துண்டில் நிற்கும். அக்டோபரில் ஏரி முழுக்கச் சிதறிக் கிடந்து கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்தவையெல்லாம் இப்போது ஒரு தெரு அகலத்துக்குள்.

அந்தக் கூட்டத்தை மேலோட்டமாக 'கொஞ்சம் வாத்துகள்' என்று விட்டுவிடாதீர்கள். முக்கால்வாசி மல்லார்டும் கனடா வாத்துமாக இருக்கும், உண்மைதான். அவற்றைக் கடந்து ஓரத்தைப் பாருங்கள். ஒன்று முங்கிக் காணாமல் போய் வேறு இடத்தில் எழும். கறுத்த தலை, கன்னத்தில் உருண்டையான வெள்ளைப் பொட்டு, மஞ்சள் கண் என்றால் அது கோல்டன்ஐ என்கிற முங்கும் வாத்தின் ஆண். பறக்கும்போது அதன் சிறகு விசிலடிக்கும். பிப்ரவரி வாக்கில், சுற்றிலும் ஐஸ் கிடக்க, ஆண்கள் பெட்டைக்கு முன்னால் தலையை முதுகுவரை பின்னால் சாய்த்து எறிந்து எறிந்து காட்டும். எங்கள் ஏரியில் இதைப் பார்க்கவே முடியாது. இங்கு வருகிற வாத்துகளில் பெரும்பாலானவை தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கி மேய்கிற ஜாதி. நம் ஏரி சராசரியாக ஓர் ஆள் இடுப்பளவுதானே.

நாமக்கோழியையும் கவனியுங்கள். நம் நாமக்கோழியின் அமெரிக்கப் பங்காளி, கறுப்பு உடம்பும் வெள்ளை அலகும். தண்ணீர் சுருங்கச் சுருங்கக் கடைசிவரை பிடிவாதமாக இருக்கும் கூட்டம் அது. அதனால்தான் வெண்தலைக் கழுகு அங்கே வந்து ஐஸ் விளிம்பில் உட்காருகிறது. கழுகு தலைக்கு மேல் வந்தால் நாமக்கோழிகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். கழுகு திரும்பத் திரும்ப இறங்கி, முங்கி முங்கிக் களைத்து ஒதுங்குகிற ஒன்றைத் தனியாக்கப் பார்க்கும். மாடிசனில் இதை ஒரு காலை முழுக்கப் பார்த்தேன். கழுகு கடைசியில் செத்த மீனைத் தின்றுவிட்டுப் போனது! இங்கே சேற்றுப் பூனைப்பருந்து கோரைமேல் தாழப் பறந்து இதே வேலையைச் செய்யும், அவ்வளவு பொறுமை அதற்குக் கிடையாது.

ஒருநாள் குடும்பத்தோடு மான்டிசெல்லோ போய்வாருங்கள். உங்கள் ஊரிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரம் இருக்கும். அணுமின் நிலையம் விடும் வெந்நீரால் அங்கே மிசிசிப்பி உறைவதில்லை. ட்ரம்பெட்டர் என்கிற பெரிய அன்னங்கள் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். ஓர் அன்னம் பத்துக் கிலோவைத் தாண்டும். 1930களில் அலாஸ்கா நீங்கலாக அமெரிக்கா முழுக்கத் தேடியும் நூறுகூடத் தேறாமல் இருந்த இனம் இது. கோயில் தூணில் அன்னத்தைச் செதுக்கிச் செதுக்கித் தேய்த்த ஊர்க்காரர்கள் நாம்; நிஜ அன்னம் நம் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

கால் விஷயம். வாத்தின் காலுக்குள் இறங்கும் சூடான ரத்தக்குழாயும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒட்டி ஒட்டிப் பின்னிக் கிடக்கின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை வழியிலேயே ஏறுகிற ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். பாதத்துக்குப் போய்ச் சேரும்போது உறையாத அளவுக்கு மட்டும் சூடு மிச்சம் இருக்கும். உடம்புக்குத் திரும்புவதோ சூடேறிய ரத்தம். பாதத்தில் சதை குறைவு, பெரும்பாலும் எலும்பும் நாரும் என்பதால் குளிர்ந்திருந்தாலும் கெட்டுப்போவதில்லை. ரொம்பவும் குளிர்ந்தால் ஒற்றைக் காலில் நிற்கும், அல்லது அப்படியே உட்கார்ந்து இரண்டையும் வயிற்றுச் சூட்டுக்குள் வைத்துக்கொள்ளும்.

இனி எச்சரிக்கை, இதை மட்டும் அக்கா சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்மேல் நடந்து பறவைக்குக் கிட்டே போகாதீர்கள். புதிய, தெளிந்த ஐஸ் நான்கு அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம் என்று உங்கள் மாநில அரசே சொல்கிறது, ஆனால் எந்த ஐஸும் முழுக்கப் பத்திரமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. வெள்ளையாகத் தெரியும் பனி கலந்த ஐஸுக்குப் பலம் பாதிதான். திறந்த தண்ணீர் இருக்கிற இடத்தைச் சுற்றித்தான் ஐஸ் மிக மெல்லிசு, அதாவது நீங்கள் போக ஆசைப்படும் அதே இடம். முங்கி மீன் பிடிக்கும் லூன் பறவை ஏதாவது சுருங்கும் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் (அதற்கு எழும்பிப் பறக்கத் தண்ணீரில் நீண்ட ஓட்டம் வேண்டும், தரையில் நடக்கவும் வராது) காட்டுயிர் மீட்பு ஆட்களுக்குப் போன் போடுங்கள், நீங்கள் இறங்காதீர்கள்.

பறவைக்காகவும் எட்ட நிற்க வேண்டும். உங்கள் ஊர் டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. அதற்குள் தின்றதை வைத்துத்தான் ராத்திரியைத் தாண்டியாக வேண்டும். நீங்கள் ஒரு தடவை கிளப்பிவிட்டால் அவ்வளவு தீனி வீண். போதாததற்கு, பறந்து போய் இறங்க வேறு தண்ணீரும் இல்லை. பழவேற்காட்டில் படகுக்காரருக்குக் கூடுதல் காசு கொடுத்துப் பூநாரைக் கூட்டத்துக்குள் விடச் சொல்லி, சிவப்புச் சிறகு விரிந்த படம் எடுப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கேட்டால், "பறந்தாத்தானே அழகு" என்பார்கள். எனக்கு அவர்களோடு பேச்சே வேண்டாம். காருக்குள் உட்கார்ந்தபடி பாருங்கள், பறவை காரைப் பெரிதாகச் சட்டை பண்ணாது, உங்களுக்கும் குளிராது. ஆனால் ஹீட்டரை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். சூடான காற்றின் வழியே பார்த்தால் எல்லாமே நம் ஊர் மத்தியானக் கானல்போல ஆடும். பைனாகுலரைக் கோட்டுக்குள் சூடாக வைத்திருந்து வெளியே எடுக்காதீர்கள், மூச்சும் அதன்மேல் படக்கூடாது, கண்ணாடி மங்கிவிடும். போன் மட்டும் உள்பாக்கெட்டில் இருக்கட்டும், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

தனியாகப் பழகச் சிரமமாக இருந்தால் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். 1900லிருந்து நடக்கிறது, ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 14க்கும் ஜனவரி 5க்கும் நடுவில் ஒருநாள். பறவைகளின் பெயர் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள், கூட வரும் பெரியவர் ஒருவரிடம் ஒட்டிக்கொண்டால் போதும். அப்புறம் ஏப்ரலைத் தவறவிடாதீர்கள். ஐஸ் ஓரத்திலிருந்து விட ஆரம்பித்ததும், அந்த மெல்லிய தண்ணீர்க் கோட்டுக்கே வாத்துகள் வந்து இறங்கும். லூனும் ஐஸ் உடைந்த கையோடு வந்துவிடும். மே மாதம் வரை காத்திருந்தால் பாதியைக் கோட்டை விட்டிருப்பீர்கள்.

கடைசியாகத் திருவிழா. பிள்ளைகளுக்கு ராட்டினமும் மேடை நிகழ்ச்சியும் பிடிக்குமென்றால் தாராளமாகப் போங்கள். பறவை பார்க்க அது நாளில்லை. வண்டியும் ஒலிபெருக்கியுமாக இருக்கும். அதற்கு முன்போ பின்போ ஒரு வாரநாளில், வெயில் ஏறுவதற்குள், ஸ்ரீஹரிகோட்டா சாலையில் ஏரிக்கு நடுவே போய்ப் பாருங்கள், நேலபட்டுக்கு அன்றே சாயங்காலம் போகலாம். பூநாரைக்குக் கணுக்கால், முழங்கால் தண்ணீர்தான் தோது. வடகிழக்குப் பருவமழை நிறையப் பெய்த வருடங்களில் பொங்கல் சமயத்தில் ஏரி ஆழமாகக் கிடக்கும்; கூட்டம் பிப்ரவரி, மார்ச்சில்தான் சேரும். அப்படியிருந்தால் ஏமாந்துபோய்ப் பிள்ளைகளிடம் என்னைத் திட்டாதீர்கள். கிளம்புவதற்கு முன் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த வாரம் எந்தப் பக்கம் தண்ணீர் வற்றியிருக்கிறது என்று மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா