குறுவை அறுப்பும் கேமராவும்: வாசகர் கேள்வி – பதில்

நெல் அறுப்பைப் படம் எடுக்க ஆசை. அறுப்பு மெஷின் எந்த ஊரில், எந்த வயலில் இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? போகும்போதெல்லாம் அறுத்து முடித்த தாள்தான் கண்ணில் படுகிறது.
– வாசகி, திருச்சி

தேதியை நம்பிப் போனால் அப்படித்தான் ஆகும். வயலைப் பார்த்துப் போங்கள்.

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கும் ஆண்டுகளில், டெல்டாவில் குறுவை அறுப்பு செப்டம்பரில் சூடுபிடித்து அக்டோபர் வரை ஓடும். ஆடுதுறை 43, கோ 51 போன்ற ரகங்கள் 105 முதல் 110 நாளில் வந்துவிடும். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திராமல் நட்டிருப்பார்கள் என்பதால் அங்கே முதலில் அறுப்பு. கடைமடையில் கடைசியில்.

ஊருக்குள் போனபின் முதலில் தண்ணீரைப் பாருங்கள். அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே வயலை வடித்துவிடுவார்கள். தண்ணீர் நிற்கிற வயலில் இந்த வாரம் வேலை இல்லை. வடிந்த வயலில் நெல்மணியில் ஐந்தில் நான்கு பங்கு மஞ்சளாகி, கதிர் தலை சாய்ந்து, தாளில் மட்டும் இன்னும் பச்சை ஓடினால் அறுப்பு நெருங்கிவிட்டது. வயலின் நான்கு மூலையிலும் அரிவாளால் கொஞ்சம் அறுத்து வைத்திருந்தால் மெஷினுக்குச் சொல்லியாயிற்று என்று அர்த்தம். வண்டி இறங்கித் திரும்ப அந்த இடம் வேண்டும்.

இன்னொன்று: மெஷின் விளைந்த பயிரை மிதித்துக்கொண்டு உள்வயலுக்குப் போக முடியாது. அதனால் சாலையோர வயல் முதலில், அதையொட்டியது அடுத்து என்று வரிசையாகத்தான் உள்ளே போகும். ஒரு வண்டியைக் கண்டுபிடித்துவிட்டால் மறுநாள் அது எங்கே நிற்கும் என்பதை யாரும் சொல்லாமலே ஊகிக்கலாம். ஆத்தூர், சேலம், பெரம்பலூர் பக்கத்திலிருந்து வரும் வண்டிகள் ஒரு ஊரில் இறங்கினால் அந்தப் பகுதியை முடித்துவிட்டுத்தான் கிளம்பும். இரவில் ஊர் எல்லையில் லாரியோடு நிற்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியல் ஏறத் தொடங்கினால் சுற்றுவட்டாரத்தில் வேலை நடக்கிறது என்று பொருள். டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டாலும் போதும்.

விடியற்காலையில் போய் நிற்காதீர்கள். பனி ஈரத்தோடு அறுத்தால் தாள் டிரம்மில் சுற்றிக்கொள்ளும், நெல்லின் ஈரப்பதமும் கூடிவிடும். கொள்முதலில் 17 சதவீதம்தான் வரம்பு. ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் வண்டி இறங்கும்.

ஓடுகிற மெஷினோடு சேர்த்துக் கேமராவை நகர்த்தி, பின்னணியைக் கலங்கவிட்டு எடுக்கப் பார்க்கிறேன். ஷட்டர் 1/30 நொடியிலும் வண்டி நிறுத்தி வைத்ததுபோலவே இருக்கிறது. ஏன்?
– வாசகர், மன்னார்குடி

வண்டி அவ்வளவு மெதுவாகப் போகிறது, அதுதான் காரணம். அறுக்கும்போது மணிக்கு 3 முதல் 4 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் அளவு. 1/30 நொடியில் அது நகர்வது 3 சென்டிமீட்டர். ஆறு மீட்டர் அகலக் காட்சியில் 3 சென்டிமீட்டர் கலக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது. சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் டயர் வண்டிக்கு அதே 1/30 அழகாகப் பலிக்கும்.

வயலில் அசைவைக் காட்ட வேண்டியது வண்டியல்ல. ரீலும் தாளும் நெல்லும்தான். கதிரை வளைத்துக் கத்திக்குள் தள்ளும் ரீலின் விளிம்பு, வண்டியின் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, நொடிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் வரை சுழலும். 1/15 நொடியில் அது 8 முதல் 10 சென்டிமீட்டர் இழுபடும், சுழல்வது தெரியும். பக்கவாட்டில் நின்றால் கேமராவை வண்டியோடு மெல்ல நகர்த்துங்கள். எதிரே, எட்ட நின்று டெலி லென்ஸில் எடுத்தால் நகர்த்தவே தேவையில்லை, ரீல் மட்டும் கலங்கும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் 16 (சிறிய லென்ஸ் துளை) வைத்தாலும் ஷட்டர் 1/100 அளவில்தான் நிற்கும். 1/15-க்கு இறங்க மூன்று படி ஒளியைக் குறைக்கும் (ஒரு படி குறைந்தால் ஒளி பாதியாகும்) என்.டி. 8 ஃபில்டர் வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் ஃபில்டர் இல்லாமலே சமாளிக்கலாம்.

எங்களைக் கேட்டால் அறுப்பில் சிறந்த தருணம் நெல் கொட்டுவதுதான். தொட்டி நிறைந்ததும் டிராக்டர் டிரெய்லர் வரப்போரம் வந்து நிற்கும், குழாய் அதன்மேல் நீளும், ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். குழாயிலிருந்து விழும் நெல்லின் வேகம் நொடிக்கு 3, 4 மீட்டர். 1/1000-இல் மணி மணியாக உறையும். 1/125-இல் மூன்று சென்டிமீட்டர் கோடுகளாகி ஒரே தாரையாக ஒழுகும். இரண்டையும் எடுங்கள். டிராக்டர்க்காரர் இன்ஜினைக் கிளப்பும் சத்தம் கேட்டதுமே உங்கள் இடத்துக்குப் போய்விடுங்கள். குழாய் திரும்பியபின் ஓடினால் பாதிதான் கிடைக்கும்.

சாய்ந்த பயிராக இருந்தால் ஒரு சிக்கல். சாய்வுக்கு எதிராக ஒரு திசையில் மட்டும் அறுத்துவிட்டு, வெறுமனே திரும்பி வந்து மறுபடி தொடங்குவார்கள். திரும்பும் நடையில் ரீல் மேலே தூக்கியிருக்கும், அந்தப் படம் எதற்கும் உதவாது. இரண்டு நடை பார்த்துவிட்டு அப்புறம் இடம் பிடியுங்கள்.

பெல்ட் வண்டி, டயர் வண்டி: படத்துக்கு எது நல்லது?
– வாசகர், பட்டுக்கோட்டை

வயல்தான் அதை முடிவு செய்கிறது. மழை பெய்து சேறாகிவிட்டால் டயர் வண்டி புதையும். எடையைப் பரப்பித் தாங்கும் பெல்ட் வண்டிதான் இறங்க முடியும். சேறு தெறிக்கும், பெல்ட் தடம் நீளமாக விழும், தாழ நின்று அகல லென்ஸில் எடுக்க ஏற்றது. டயர் வண்டி காய்ந்த வயலில் ஓடுவதால் புழுதி கிளம்பும். அதை எதிர்வெயிலில் பிடிக்க வேண்டும். டயர் வண்டிகளில் பல பஞ்சாபில் செய்தவை: பிரீத் கம்பெனி நாபா ஊரில், கர்தார் கம்பெனி பாட்சன் ஊரில். ஆரஞ்சு நிறத்தில் பெல்ட்டோடு தெரிவது பெரும்பாலும் குபோட்டா கம்பெனி வண்டி, இளம்பச்சை என்றால் கிளாஸ் (Claas) கம்பெனி வண்டி.

நண்பகலில் தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்த எதுவும் கூர்மையாக இல்லை. லென்ஸ் கோளாறா?
– வாசகர், கும்பகோணம்

லென்ஸில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை சூடான தரையிலிருந்து எழும் காற்று அலைபாயும். நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள எதையும் அது கலைத்துவிடும். எத்தனை விலை லென்ஸானாலும் இதுதான் கதி. அந்த நேரத்தில் கிட்டத்தில் உள்ளவற்றை எடுங்கள்: மூலையில் அரிவாளோடு நிற்பவர்கள், கத்திப் பற்களைத் தேய்க்கும் டிரைவர், வண்டிக்குப் பின்னால் பூச்சி பொறுக்கும் உண்ணிக்கொக்குகள்.

நாலு மணிக்கு மேல் கணக்கு மாறிவிடும். செப்டம்பர் 22, 23 வாக்கில் சூரியன் நேர்மேற்கில் ஆறு மணியளவில் மறையும். நாலு மணிக்கு அது வானில் 30 பாகை உயரம், ஐந்துக்கு 15. வயலின் கிழக்கு வரப்பில் மேற்கு பார்த்து நின்றால் புழுதியும் தாள்தூசும் ஒளிரும். கேமராவை அதன் போக்கில் விட்டால் வானம் வெளுக்கலாம், வண்டி கரியாகலாம். வெளிச்சத்தை முக்கால் படி குறைத்து, ரா வடிவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பாக) எடுங்கள். செல்போனில் வண்டியின் மேல் விரலை அழுத்திப் பூட்டிவிட்டு, திரையில் வரும் வெளிச்ச அளவுக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். சூரியன் மறைந்தபின் அந்தி வெளிச்சம் நமக்கு இருபது நிமிடம்தான். முகப்பு விளக்கோடு வண்டி ஓடுகிற படம் வேண்டுமென்றால் அதற்குள் முடியுங்கள். பிறகு பின்னணி வெறும் கறுப்பு.

அறுக்கும்போது பறக்கும் நெல் சுணையிலிருந்து (அரிக்கும் உமித்தூசு) கேமராவை எப்படிக் காப்பது?
– வாசகி, திருவாரூர்

துடைக்காதீர்கள், ஊதுங்கள். உமியில் 15 முதல் 20 சதவீதம் சிலிக்கா. துணியால் தேய்த்தால் லென்ஸ் பூச்சில் கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதி, பிறகு மென்பிரஷ், கடைசியில்தான் துணி. வாயால் ஊதினால் எச்சில் ஈரத்தில் சுணை ஒட்டிக்கொள்ளும். வயலில் லென்ஸ் மாற்றவே கூடாது. ஒரே ஜூம் போதும், 24–105 மி.மீ. மாதிரி. முன்னால் ஒரு யுவி ஃபில்டர். முழுக்கைச் சட்டை உங்களுக்கு.

யாரிடம் அனுமதி கேட்பது? எவ்வளவு அருகில் போகலாம்?
– வாசகர், சீர்காழி

வயல்காரரிடமும் டிரைவரிடமும், இருவரிடமுமே. ஓடும் வண்டியிலிருந்து 15 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பின்பக்கம் டிரைவருக்குத் தெரியாது, பின்னோக்கி வரும்போது நீங்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தொங்கும் கேமரா வார், துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் பெல்ட் அருகே போகக் கூடாது. அடைப்பு எடுக்கும்போது படம் பிடிக்க ஆசை வரும். இன்ஜின் நின்றபின் மட்டும் கிட்டே போங்கள். விளைந்த பயிரில் கால் வைக்க வேண்டாம். களத்தில் நெல் குவித்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது இங்குள்ள வழக்கம், இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ட்ரோனில் எடுக்கலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். முன் அனுமதி தேவைப்படாத ‘பச்சை மண்டல’ப் பகுதியில் 120 மீட்டர் உயரம் வரை பறக்கவிடலாம். ஆனால் தஞ்சாவூரில் விமானப்படைத் தளமும் திருச்சியில் விமான நிலையமும் இருப்பதால் அந்தப் பக்கம் போகுமுன் மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இருக்கிறேன். கோதுமை அறுப்பு முடிந்துவிட்டது. அக்டோபரில் எடுக்க ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?
– வாசகர், லிங்கன்

உண்டு, கோதுமையைவிடச் சுவாரசியமானதே. சர்க்கரைக் கிழங்கு (சர்க்கரை எடுக்கும் பீட், சர்க்கரைவள்ளி அல்ல) எடுப்பு செப்டம்பரில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க நடக்கும். உங்களுக்கு அருகிலுள்ள சர்க்கரை ஆலை நியூவார்க்கில். ஒரே நேரத்தில் ஆறு வரிசையைத் தோண்டும் வண்டி முன்புறத்தில் இலையை நறுக்கிவிட்டு, அடுத்து கிழங்கைப் பெயர்த்து, மண்ணை உதிர்த்துத் தொட்டியில் சேர்க்கும். பெரியவற்றின் தொட்டி 20 டன்னுக்கு மேல் கொள்ளும். நிறைந்ததும் சாலையோரக் குவியலில் வந்து கொட்டும். வண்டியைத் துரத்தாமல் குவியலருகே, பொது வழியிலிருந்தே காத்திருங்கள். வயலுக்குள் இறங்க உரிமையாளரைக் கேட்க வேண்டும்.

வெளிச்சத்தில் உங்களுக்கு யோகம். அக்டோபர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியனே 24 பாகைதான். டெல்டாவில் செப்டம்பரில் மாலை நாலரை மணியளவில் கிடைக்கிற சாய்வு அது. ஆனால் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியபின் நாலரை மணி சுமாருக்கே இருட்டத் தொடங்கும். மழை பெய்த மறுநாள் போங்கள், ஈரக் கிழங்கில் மண் ஒட்டி மின்னும். கனமழை என்றால் வண்டியே இறங்காது.