பரிசுப் பணம் கொடுத்தா போட்டி களைகட்டிடுமா?

கேள்வி: நான் ஆடற ஷூட்டர் கேம்ல கதைப் பகுதி அட்டகாசம் சார், ஆனா மல்டிபிளேயர்ல உருப்படியா ஒரு டோர்னமென்ட் கூட நடக்க மாட்டேங்குது. கம்பெனி பெரிய பரிசா அறிவிச்சா சரியாயிடுமா?

பதில்: ஆகாதுங்க. பணம் இருக்கிற வரைக்கும் ஆள் வருவாங்க, அவ்வளவுதான். ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம் கேமுக்கு அதைத் தயாரிச்ச பிளிசர்ட் கம்பெனியே லீக் நடத்திச்சு, 2018 டிசம்பர்ல அடுத்த வருஷம் லீக் கிடையாதுன்னு திடீர்னு ஒரு அறிவிப்பு, அதையே நம்பி இருந்த புரோ பிளேயர்ஸ் பாடு திண்டாட்டமாயிடுச்சு. ஆனா சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீங்கிற சண்டை கேமைப் பாருங்க, 2001ல வந்தது, அதுல ஆன்லைன் வசதியே கிடையாது, ஆடறவங்களே பழைய டியூப் டிவியைத் தூக்கிட்டு வந்து அடுக்கி வெச்சு வருஷக்கணக்கா டோர்னமென்ட் நடத்தினாங்க, 2020ல ஸ்லிப்பிங்கிற ரசிகர் மென்பொருள்ல இன்டர்நெட் தாமதத்தை மறைக்கிற ரோல்பேக் நெட்கோடுங்கிற நுட்பமும் வந்து வீட்ல இருந்தே ஆன்லைன்ல நல்லா ஆட முடிஞ்சுது. ஆடறவங்க கையில அந்தப் பிடி இருக்கணும், எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. உங்க கேம்ல சொந்தமா ரூம் போட்டு ரூல் வெச்சுக்க முடியுதா, வெளியில இருந்து மேட்ச் பார்க்க வழி இருக்கா, முடிஞ்ச மேட்சை ரீப்ளே போட்டுப் பார்க்கலாமா? இது எதுவும் இல்லேன்னா டோர்னமென்ட் நடத்த ஆசைப்படறவர் என்னதான் பண்ணுவார்.

அடுத்தது தோத்தா ஏன் தோத்தோம்னு புரியணும். சுவருக்குப் பின்னாடி முழுசா ஒளிஞ்சாச்சு, உங்க ஸ்கிரீன்ல விரல் நுனி கூட வெளியில இல்ல, அப்பவும் செத்துப் போறீங்க, ஏன்னா எதிராளி ஸ்கிரீன்ல நீங்க இன்னும் ஒளியல, அவர் சுட்டது அங்க பட்டாச்சு, ஆட்டத்தை நடத்தற சர்வரும் அவர் பார்த்ததைத்தான் கணக்குல எடுத்துக்குது. பிங், அதாவது உங்க மெஷினுக்கும் சர்வருக்கும் தகவல் போய் வர்ற நேரம், குறைவா இருந்தா இது கண்ணுக்கே தெரியாது. தனி சர்வர் இல்லாம ஆடறவங்கள்ல ஒருத்தர் மெஷினே ஹோஸ்ட்டா இருந்தா இன்னும் மோசம், அவருக்கு பிங்கே கிடையாது, மத்தவங்க எல்லாருக்கும் உண்டு. இதுல ஜெயிச்சவனுக்கும் சந்தோஷம் இருக்காது.

கேள்வி: சம திறமை உள்ளவங்களைச் சேர்த்து விடற ரேங்க்டு மேட்ச் கிடைக்கவே நேரமாகுது, கிடைச்சாலும் எதிர்ல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. ஏன் சார் இப்படி?

பதில்: ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1000 பேர் ஆன்லைன்ல இருக்காங்கன்னு வைங்க, 4 மோட், அதாவது நாலு வகை ஆட்டம், இருந்தா ஒவ்வொண்ணுக்கும் 250 பேர், அதை 5 ரீஜனாப் பிரிச்சா 50 பேர், அஞ்சுக்கு அஞ்சு ஆடற கேம்னா மொத்தமே 5 மேட்ச். இதுல ரேங்க் பார்த்து ஆள் சேர்க்க எங்க போறது? கேம் கிடைச்சவங்களைச் சேர்த்து விட்டுடும். புதுசா வந்தவர் நாலு மேட்ச் அடி வாங்கிட்டுப் போயிடுவார், கூட்டம் இன்னும் குறையும், காத்திருக்கிற நேரம் இன்னும் ஏறும். மோட் குறைச்சு, கன்சோல் பிசி ரெண்டையும் சேர்த்து ஆட விட்டா ஓரளவு தாங்கும்.

கேள்வி: நிறைய நேரம் ஆடி லெவல் ஏத்தினவங்களுக்குத்தான் நல்ல துப்பாக்கி கிடைக்குது. இது போட்டிக்கு ஆகுமா?

பதில்: சுத்தமா ஆகாது. 1999ல ஹாஃப் லைஃப் கேமுக்கு ரசிகர்கள் செஞ்ச மாட் (mod), அதாவது அந்த கேமையே மாத்தி அமைச்ச வடிவமா வந்ததுதான் கவுன்ட்டர் ஸ்ட்ரைக், அதுல வருஷக்கணக்கா ஆடினவரும் நேத்து வந்தவரும் முதல் ரவுண்டுல ஒரே அளவு காசோட, கைத்துப்பாக்கியோடதான் இறங்கணும், மேல வாங்கறதெல்லாம் அந்த மேட்ச்ல சம்பாதிச்ச காசுலதான். உங்க கேம்லயும் கஸ்டம் ரூம்லயாவது எல்லா துப்பாக்கியையும் எல்லாருக்கும் திறந்து விடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுங்க, சேர்ந்து எழுதுங்க.