கேளுங்க சொல்றோம்: கடல் கலங்கி கிடந்தா சாட்டிலைட்டுக்கு என்ன தெரியும்?

கேள்வி: கடலோட நிறத்தைப் பாத்து சாட்டிலைட் மீன் இருக்கற இடத்தைச் சொல்லுதாமே, எங்க பக்கம் பாதி நாள் தண்ணி கலங்கிதானே கிடக்கு, அப்போ என்ன செய்வாங்க? – வாசகர், தொண்டி

பதில்: நல்லா கேட்டீங்க, இந்த வேலையிலயே கஷ்டமான இடம் இதுதான். சாட்டிலைட் மீனைப் பாக்கறதில்ல, தண்ணிக்குள்ள போயிட்டு திரும்பி வர்ற வெளிச்சத்தைப் பாக்குது. மீனுக்கு அடிப்படை இரையான நுண்பாசியில பச்சையம் இருக்கு, அது நீல வெளிச்சத்தை உறிஞ்சிக்கும், பச்சையை அவ்வளவா தொடாது. அதனால 443 நானோமீட்டர் அலைநீள நீலத்தையும் 555 நானோமீட்டர் பச்சையையும் ஒப்பிட்டுப் பாத்தா பாசி எவ்ளோன்னு கணக்கு போட்டுடலாம். நம்ம இஸ்ரோ 1999ல ஓஷன்சாட்-1 அனுப்பினதுல இருந்து இதுதான் அடிப்படை, ஆழ்கடல்ல நல்லாவே வேலை செய்யுது.

கரைகிட்ட வந்தாதான் சிக்கல். சாட்டிலைட்டுக்குப் போய்ச் சேர்ற வெளிச்சத்துல 90 சதவீதம் கிட்ட காத்துல பட்டுச் சிதறினது, அதைக் கழிச்சாதான் கடலோட பங்கு தெரியும். எப்படிக் கழிக்கறாங்கன்னா, தெளிஞ்ச கடல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, அதனால அந்த பேண்ட்ல (குறிப்பிட்ட அலைநீள வெளிச்சத்தை மட்டும் அளக்கற பட்டை) என்ன வந்தாலும் அது காத்தோடதுன்னு எடுத்துக்கறாங்க. ஆனா சேறு அகச்சிவப்பையும் திருப்பி அனுப்பும், உடனே கணக்கு அதிகமா கழிச்சிடும், நீலம் குறைஞ்சு போகும், பாசி இல்லாத இடத்துல கூட பச்சையம் ஏகத்துக்கும் இருக்கற மாதிரி காட்டும். ஆத்துத் தண்ணியில வர்ற இலைதழைச் சாறும் நீலத்தை உறிஞ்சும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல் வேற, தண்ணி தெளிஞ்ச நாள்லயும் அடியில இருக்கற மணலும் கடல்புல்லும் சேர்ந்து தெரியும்.

இதுக்காகத்தான் சிவப்பு பேண்டுகளையும் சேத்துப் பாக்கறாங்க, 2022ல போன ஓஷன்சாட்-3ல முன்னாடி இருந்த 8 பேண்டுக்குப் பதிலா 13 இருக்கு. போட்ல போய் தண்ணி எடுத்து வடிகட்டி, அந்த ஃபில்டர் தாளை அசிட்டோன்ல ஊறவச்சு பச்சையத்தை அளந்து சாட்டிலைட் சொன்னதோட ஒப்பிட்டும் பாக்கறாங்க. இந்த வேலை நம்ம கரையில இன்னும் நெறைய நடக்கணும்னுதான் என் ஆசை.

ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற மத்திய அரசு கடல் தகவல் மையம் தர்ற மீன்பிடி தகவல் பச்சையத்தையும் கடல் சூட்டையும் சேத்து, ரெண்டும் சட்டுனு மாறற கோட்டைத்தான் தேடுது. கரையை விட்டுத் தள்ளிப் போறவங்க அந்தக் கோட்டை தாராளமா நம்பலாம். கலங்கல் கடல்ல வர்ற பச்சையம் நம்பரை மட்டும் அப்படியே எடுத்துக்காதீங்க. மேகம் மூடினாலும் ஒண்ணும் தெரியாது, வாடைக்கால மழையில இது அடிக்கடி நடக்கும்.

கேள்வி: பாசி இருந்தா மீன் இருக்கும்னா, 2019ல பாம்பன் பக்கம் கடல் பச்சையானப்ப மீன் ஏன் செத்து ஒதுங்குச்சு? – வாசகர், மண்டபம்

பதில்: அது நாக்டிலூகாங்கற நுண்பாசி, உங்க ஊர்ல பூங்கோரைன்னு சொல்றது. அளவு மீறிப் பெருகி மொத்தமா செத்து அழுகும்போது தண்ணியில இருக்கற ஆக்சிஜனைத் தீர்த்துடும், அம்மோனியாவும் சேரும், ஓடிப் போக முடியாத மீன் மூச்சு முட்டி செத்துடும். மேல இருந்து பாத்தா பச்சையம் ஏறியிருக்குன்னு தெரியும், எந்தப் பாசின்னு உறுதியா சொல்ல ஒரு வாளி தண்ணி மொண்டு மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாத்தாதான் ஆகும்.